மேலமாசி வீதியும் வால்டேர் ரயில் நிலையமும்

மதுரை மேலமாசி வீதியில் இப்போது காதி விற்பனை நிலையம் இயங்கும் பழைய கட்டடத்தை நம்மில் பலர் எத்தனையோ முறை கடந்து போயிருப்போம். 1921 செப்டம்பர் 22 அன்று அதன் மாடியிலிருந்துதான் காந்தியடிகள் சட்டையும் தொப்பியும் இல்லாமல் அரையாடையோடு இறங்கி வந்தார். அந்தக் கோலத்தில் அவர் மக்கள் முன் நின்ற இடத்தை இன்றும் காந்திப் பொட்டல் என்கிறார்கள்.

ஏழை விவசாயிகளின் நிலையைப் பார்த்து அவர் ஆடையைக் குறைத்துக்கொண்டார் என்று பள்ளியில் படித்தோம். அது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. அந்த எண்ணம் தனக்கு மூன்று முறை வந்ததாக அவரே எழுதியிருக்கிறார். முதலாவது, வங்காளத்தில் குல்னா பஞ்சத்தின்போது. மூன்றாவது, கதராடை வாங்கக் காசில்லை என்று தமிழ்நாட்டு மக்கள் சொன்னபோது. இடைப்பட்ட இரண்டாவது தருணத்தைத்தான் நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. கல்லூரியில் கலைப்பாடம் படித்த எனக்கும் யாரும் சொல்லவில்லை. மதரஸாவில் ஓதி முடித்து, உலமாக்களின் வரலாற்றைத் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது.

செப்டம்பர் 14 அன்று, மதுரைச் சம்பவத்துக்கு எட்டு நாள் முன்பு, காந்தியும் மௌலானா முஹம்மது அலியும் சென்னையை நோக்கி ஒரே ரயிலில் வந்துகொண்டிருந்தார்கள். வால்டேர் நிலையத்தில் போலீசார் மௌலானாவைக் கைது செய்தார்கள். கண்ணெதிரே தோழரைக் கொண்டு போனார்கள். அதற்குப் பின் அங்கு கூடிய மக்களிடம் பேசப் போனபோதே சட்டையையும் தொப்பியையும் கழற்றிவிடத் தோன்றியது, பரபரப்பு உண்டாகுமே என்று அடக்கிக்கொண்டேன் என்கிறார் காந்தி.

முஹம்மது அலி ஆக்ஸ்போர்டில் படித்தவர், பத்திரிகையாளர், பேசத் தொடங்கினால் எளிதில் நிறுத்தாதவர். அமைதியான துணிவை அவரிடம் தேடுவதை விட, உடன் பயணம் செய்த அவருடைய மனைவி அம்ஜதி பானு பேகத்திடம் தேடலாம். கணவரைச் சில நிமிடங்கள் மட்டும் பார்க்க அனுமதித்தார்கள். பார்த்துவிட்டு வந்தார். ஊர் திரும்பவில்லை, சுற்றுப்பயணத்தைத் தொடர்ந்தார். பர்தாவைக் கைவிடாமலே கூட்டங்களில் பேசினார், நிதி திரட்டினார். அவருடைய மனவுறுதியைப் பாராட்டி அந்த ஆண்டு நவம்பரில் ‘யங் இந்தியா’ இதழில் காந்தி தனிக் கட்டுரையே எழுதினார்.

மௌலானா செய்த குற்றம் என்ன? 1921 ஜூலையில் கராச்சியில் நடந்த கிலாபத் மாநாட்டில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. ஆங்கிலேய இராணுவத்தில் சேர்வதும் நீடிப்பதும், பிறரைச் சேர்ப்பதும் முஸ்லிமுக்கு மார்க்கப்படி ஹராம் என்பது அதன் சாரம். முதல் உலகப்போரில் நம் நாட்டு முஸ்லிம் சிப்பாய்களைக் கொண்டே ஈராக்கிலும் பலஸ்தீனத்திலும் முஸ்லிம்களோடு போரிட வைத்தது அரசு. ஒரு முஃமினை வேண்டுமென்றே கொல்பவருக்கான எச்சரிக்கை சூரத்துன் நிஸாவின் 93ஆம் வசனத்தில் இருக்கிறது. சம்பளத்துக்காக அந்த எச்சரிக்கையை மீறலாமா என்பதுதான் கேள்வி. கத்தியை எடு என்று தீர்மானம் சொல்லவில்லை. கையிலிருக்கும் துப்பாக்கியைக் கீழே வை என்றது. அரசு அதைத்தான் பெரும் ஆபத்தாகக் கண்டது.

கராச்சி காலிக்தினா அரங்கில் விசாரணை நடந்தது. முஹம்மது அலி, ஷௌகத் அலி சகோதரர்கள், டாக்டர் சைஃபுத்தீன் கிச்லு, மௌலானா ஹுசைன் அஹ்மத் மதனீ, மௌலானா நிசார் அஹ்மத், பீர் குலாம் முஜத்தித் ஆகியோரோடு சாரதா பீடத்தின் சங்கராச்சாரியாரும் குற்றவாளிக் கூண்டில் நின்றார். ஒத்துழையாமைக் கொள்கைப்படி வழக்கறிஞர் வைக்கவில்லை. நவம்பர் 1 அன்று சங்கராச்சாரியார் விடுதலையானார். மற்ற அறுவருக்கும் தலா 2 ஆண்டு கடுங்காவல்.

அந்த அறுவரில் மதனீ (ரஹ்) அவர்களின் நிலையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். மதீனாவில் மஸ்ஜிதுந் நபவியில் ஹதீஸ் நடத்தியவர். தம் ஆசிரியர் ஷைகுல் ஹிந்த் மஹ்மூதுல் ஹசன் (ரஹ்) அவர்களோடு மால்டா தீவில் சிறைவைக்கப்பட்டு 1920இல்தான் விடுதலையானார். அதே ஆண்டு நவம்பரில் ஆசிரியரும் வஃபாத்தானார். ஓராண்டுகூட முழுதாக முடியவில்லை, மறுபடி கூண்டு. தீர்மானத்திலிருந்து ஒரு சொல்லைக்கூட அவர் திரும்பப் பெறவில்லை. அது தம் சொந்தக் கருத்தல்ல, மார்க்கச் சட்டம் என்பதே அவர் நிலை. ஃபிர்அவ்னிடம் போகும் மூஸா (அலை) அவர்களுக்கும் ஹாரூன் (அலை) அவர்களுக்கும் மென்மையாகப் பேசும்படி அல்லாஹ் கட்டளையிட்டதை நாம் பயானில் அடிக்கடி சொல்கிறோம். ஆனால் சொல்ல வேண்டிய விஷயத்தைக் குறைத்துக்கொள்ளும்படி அவர்களுக்குக் கட்டளை இல்லை.

இந்த வழக்கின் நிழல் நம் பகுதியிலும் விழுந்தது. மதுரைக்கு வருவதற்குச் சில நாள் முன்பு திருச்சிக் கூட்டத்தில், அலி சகோதரர்கள் மீது எதைக் குற்றமாகச் சாட்டினார்களோ அதையே காந்தி மக்கள் முன் திரும்பச் சொன்னார். செப்டம்பர் 29 ‘யங் இந்தியா’வில் அதை எழுதவும் செய்தார். மறு ஆண்டு அகமதாபாத்தில் அவர் மீது நடந்த வழக்குக்கு ஆதாரமான மூன்று கட்டுரைகளில் அதுவும் ஒன்று. 1922 மார்ச் 18 அன்று 6 ஆண்டுச் சிறை விதித்தார்கள்.

கிலாபத் இயக்கத்தின் அரசியல் கணக்குகள் எல்லாம் சரி என்று நான் வாதிட மாட்டேன். 1924இல் துருக்கியர்களே கிலாபத்தை ஒழித்தார்கள். முஹம்மது அலியும் காந்தியும் பின்னாளில் அரசியலில் பிரிந்தார்கள். 1931 ஜனவரியில் லண்டனில் காலமான மௌலானா, பைத்துல் முகத்தஸில் அடக்கமானார். ஆனாலும் 1921இல் மன்னிப்புக் கேட்டு வீடு திரும்பும் வழியை அந்த அறுவரும் நாடவில்லை என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

சிறையிலிருந்து வந்த மதனீ (ரஹ்) பிற்காலத்தில் தாருல் உலூம் தேவ்பந்தில் தலைமை ஆசிரியரானார். நாட்டுப் பிரிவினையை எதிர்த்தார், அதற்காகச் சொந்தச் சமுதாயத்தில் சிலரிடமே ஏச்சும் அவமதிப்பும் பட்டார். 1957 டிசம்பரில் வஃபாத்தாகும் வரை ஹதீஸ் பாடத்தை அவர் விடவில்லை. 2012இல் இந்திய அஞ்சல் துறை அவர் நினைவாகத் தபால்தலை வெளியிட்டது.