இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ், ஹைதராபாத்

இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ் (ஐ.எஸ்.பி.) ஹைதராபாத் கச்சிபௌலியில் சுமார் 260 ஏக்கர் பரப்பில் அமைந்துள்ள தனியார் மேலாண்மைக் கல்வி நிறுவனம். 2001 நடுவில் வகுப்புகள் தொடங்கின. அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று பிரதமர் வாஜ்பாய் முறைப்படி திறந்து வைத்தார். பஞ்சாபின் மொஹாலியில் 2012 முதல் இரண்டாவது வளாகம் இயங்குகிறது.

1990களின் பிற்பகுதியில், மெக்கின்சி நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த ரஜத் குப்தாவும் தொழிலதிபர்கள் சிலரும் இதற்கான முயற்சியைத் தொடங்கினர். இடம் தேடியபோது மும்பை, பெங்களூரு, சென்னை ஆகிய நகரங்களே பேசப்பட்டன. ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு தாமே முன்வந்து பேசி, நிலமும் கொடுத்து ஹைதராபாத்துக்குக் கொண்டுவந்தார். சென்னை தவறவிட்ட வாய்ப்புகளின் கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் கெல்லாக், வார்ட்டன் ஆகிய மேலாண்மைப் பள்ளிகளும், பின்னர் லண்டன் பிசினஸ் ஸ்கூலும் கல்வித் துணையாக நின்றன.

அந்நாளில் இந்தியாவில் எம்.பி.ஏ. என்றால் இரண்டு ஆண்டுப் படிப்பு. கல்லூரி முடித்த கையோடு சேர்பவர்களே மிகுதி. ஐ.எஸ்.பி.யின் முதன்மைப் படிப்பான பி.ஜி.பி. இதற்கு நேர்மாறானது. குறைந்தது இரண்டு ஆண்டு வேலை அனுபவம் வேண்டும், படிப்பு ஒரே ஆண்டில் முடிந்துவிடும். அந்த ஓராண்டும் எட்டுப் பருவங்களாகப் பிரிக்கப்பட்டது. முதல் நான்கில் கணக்கியல், சந்தையியல் போன்ற அடிப்படைப் பாடங்கள். அடுத்த நான்கில் மாணவர் தாமே தேர்ந்தெடுக்கும் பாடங்கள். ஒரு பருவம் ஏறத்தாழ ஆறு வாரம். வெளிநாட்டுப் பேராசிரியர் தம் வேலையை விடாமலே வந்து ஒரு பாடத்தை முழுமையாக நடத்திவிட்டுத் திரும்ப இந்த ஏற்பாடு தோதாக இருந்தது. புதிய பள்ளி ஒன்று உலகத் தரத்தை விரைவில் எட்டியதற்கு வேறெதையும்விட இந்தக் கால அட்டவணைக்கே பங்கு அதிகம் எனலாம். 2008இல் ஃபைனான்ஷியல் டைம்ஸ் உலகத் தரவரிசையில் முதன்முறையாக இடம்பெற்றபோதே 20ஆம் இடம் கிடைத்தது. இதற்கிடையே இந்திய மேலாண்மைக் கழகங்களில் (ஐ.ஐ.எம்.) ஒன்றான ஐ.ஐ.எம். அகமதாபாத்தும் 2006இல் அனுபவசாலிகளுக்கான ஓராண்டுப் படிப்பைத் தொடங்கியிருந்தது.

நிர்வாகத்தில் புயல்களும் வீசின. சத்யம் மென்பொருள் நிறுவனத்தின் கணக்கு ஊழல் வெடித்த 2009 ஜனவரியில், அந்நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் இருந்த டீன் ராம்மோகன் ராவ் பள்ளிப் பொறுப்பிலிருந்து விலகினார். 2011இல் பங்குச்சந்தை உள்தகவல் புகாரில் சிக்கிய ரஜத் குப்தாவும் தலைவர் பதவியை விட்டார். ஆதி கோத்ரெஜ் அப்பொறுப்புக்கு வந்தார். 2021 முதல் டீனாக இருப்பவர் மதன் பில்லுட்லா.

காலப்போக்கில் படிப்புகள் பெருகின. மூத்த அதிகாரிகளுக்கு பி.ஜி.பி.மேக்ஸ், வேலையை விடாமல் வார இறுதியில் படிப்போருக்கு பி.ஜி.பி.ப்ரோ, குடும்பத் தொழிலை ஏற்று நடத்தப்போகும் வாரிசுகளுக்குத் தனிப் படிப்பு, தரவுப் பகுப்பாய்வுக்கு ஒன்று, மொஹாலியின் பாரதி நிறுவகம் வழியே பொதுக்கொள்கைக்கு ஒன்று என வரிசை நீண்டது. இவை எல்லாமே வயதிலும் அனுபவத்திலும் மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ விரிந்தவை.

2025இல் தொடங்கிய பி.ஜி.பி. யங் லீடர்ஸ் அப்படியல்ல. 20 மாத உறைவிடப் படிப்பான இதில் புதிதாகப் பட்டம் பெற்றவர்களும் ஓரிரு ஆண்டு அனுபவம் மட்டுமே உள்ளவர்களும் சேரலாம், ஐ.ஐ.எம்.களுக்கான கேட் மதிப்பெண்ணும் ஏற்கப்படுகிறது. அனுபவமும் ஓராண்டும் என்பதையே அடையாளமாகக் கொண்டு வளர்ந்த பள்ளி, கால் நூற்றாண்டு நெருங்கும்போது ஐ.ஐ.எம்.களின் களத்திலேயே இறங்கியிருக்கிறது. பழைய கொள்கையிலிருந்து விலகல்தான் இது, ஆனால் இந்தியாவில் மேலாண்மை படிக்க விரும்பும் இளைஞர் கூட்டம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

பள்ளி தொடக்கத்திலேயே அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் அங்கீகாரத்தை நாடவில்லை. பாடத்திட்டத்திலும் சேர்க்கையிலும் தன் விருப்பப்படி நடக்க அது உதவியது. அதற்கு ஈடாக, படித்து முடித்தோருக்குக் கிடைத்து வந்தது எம்.பி.ஏ. பட்டம் அல்ல, சான்றிதழே. தனியார் நிறுவனங்கள் இதைப் பொருட்படுத்துவதில்லை. முதுநிலைப் பட்டம் கேட்கும் அரசுப் பணியையோ ஆராய்ச்சிப் படிப்பையோ மனத்தில் வைத்திருப்பவர்கள், சான்றிதழ் அங்கே ஏற்கப்படுமா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.