பழைய கார்களின் சீட் ரெயில்: கோளாறும் சீரமைப்பும்

சீட் ரெயில் என்பது காரின் முன் இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்தி, வேண்டிய இடத்தில் பூட்டி நிறுத்தும் எஃகுத் தடம். தரையோடு போல்ட் போட்ட கீழ்த்தடம், இருக்கையோடு நகரும் மேல்தடம், பல்லில் விழும் லாக், அதைத் தூக்கும் லீவர், இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங் ஆகியவை இதன் உறுப்புகள். பழைய காரைப் புதுப்பிப்பவர்கள் எஞ்சினுக்கும் பெயிண்டுக்கும் காசைக் கொட்டிவிட்டு இதைக் கவனிக்காமல் விடுவதுண்டு. ஆனால் கார் ஓடும்போது இருக்கை பின்னால் நழுவினால் கால் பிரேக் பெடலுக்கு எட்டாது.

தமிழ்நாட்டுப் பட்டறைகளுக்கு வரும் பழைய கார்களில் அம்பாசடர் (1957–2014), பிரீமியர் பத்மினி, 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவை குறிப்பிடத்தக்கவை. அம்பாசடரில் நெடுங்காலம் இருந்தது ஸ்டீயரிங் தண்டில் கியரும் முன்னால் நீள இருக்கையும்தான். ஓட்டுநர் தன் வசதிக்கு நகர்த்தினால் பக்கத்தில் இருப்பவரும் சேர்ந்தே நகர வேண்டும். இவ்வளவு அகலமான இருக்கையில் இரண்டு ரெயிலும் இம்மி விலகினாலும் ஒரு பக்கம் ஓடும், மறுபக்கம் திணறும்.

திருநெல்வேலி மாவட்டத்தின் உவரி போன்ற கடற்கரை ஊர்களில் சீட் ரெயிலின் சிக்கல் இரட்டிப்பு. மன்னார் வளைகுடாவின் உப்புக்காற்று ஒருபுறம். கோயிலுக்கும் அந்தோணியார் திருத்தலத்திற்கும் வருகிறவர்கள் கடலில் குளித்துவிட்டு ஈரத்தோடு ஏறி உட்கார்வது மறுபுறம். கார்ப்பெட்டுக்கு அடியில் தங்கும் உப்புநீர் எளிதில் காயாது. மணலும் சும்மா விடாது. இந்தக் கடற்கரை மணலில் கார்னெட், இல்மனைட் கலந்திருக்கும். இரும்பின் துருவை அகற்ற வேகமாகப் பீய்ச்சி அடிக்கும் பொருள்களில் கார்னெட்டும் ஒன்று. அதுவே ரெயிலின் கிரீஸில் கலந்தால் பல்லையும் தடத்தையும் ராவித் தின்றுவிடும்.

லீவரைத் தூக்கியும் இருக்கை அசையவில்லையா, துருவோ கோணலோ காரணம். தூக்காமலே ஓடினால் பல் தேய்ந்திருக்கும், ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது இருபக்க லாக்கையும் இணைக்கும் கம்பி நீண்டிருக்கும். இருக்கை மொத்தமாக ஆடினால் ரெயிலை விட்டுவிட்டுத் தரையைப் பார்க்க வேண்டும். போல்ட்டைச் சுற்றி ஸ்குரூடிரைவரால் அழுத்தினால் இற்ற தகடு உள்வாங்கும். அம்பாசடருக்கும் பத்மினிக்கும் தனிச் சேஸிஸ் கிடையாது. தரைத்தகடு உடற்கூட்டின் ஒரு பகுதி. ஆகவே இற்றுப்போன இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து, போல்ட் பிடிக்கும் இடத்தில் அடியிலும் தடித்த தகடு கொடுத்து வெல்டிங் செய்ய வேண்டும். பெரிய வாஷர் போட்டுச் சமாளிப்பது ஏமாற்று வேலை.

இறுகிய ரெயிலைச் சுத்தியலால் அடித்தால் தடம் நெளியும். துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஓரிரவு ஊறவைத்துக் கழற்றுவதே முறை. தீ காட்டத்தான் வேண்டுமென்றால் கார்ப்பெட்டையும் பஞ்சையும் வெளியே எடுத்து, பேட்டரி இணைப்பையும் கழற்றிவிட வேண்டும். கழற்றியதை மண்ணெண்ணெயில் கழுவிக் கம்பி பிரஷ் போட்டால்தான் தேய்மானம் கண்ணுக்குத் தெரியும். தேய்ந்த பல்லில் வெல்டிங் நிரப்பி அரத்தால் ராவிக் கொடுப்பதும் உண்டு. உயிரைத் தாங்கும் லாக்குக்கு அது போதாது. பழைய காரிலிருந்து நல்ல ரெயிலைத் தேடிப் போடுவதே நல்லது.

திரும்ப மாட்டும்போது போல்ட்டுகளை முதலில் அரைகுறையாக விட்டு, இருக்கையைக் கடைசிவரை முன்னும் பின்னும் சில தடவை ஓட்டி, ரெயில்கள் தாமாக நேரான பிறகே இறுக்க வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் இருபக்க லாக்கும் விழுகிறதா என்று கையால் தடவிப் பார்க்க வேண்டும். கிரீஸை மெல்லத் தடவினால் போதும். அப்பிவைத்தால் மணல் ஒட்டும்.

தொல்லை வேண்டாமென்று தரைத்தகட்டை மாற்றிப் புதிய கார்களின் தனி இருக்கைகளைப் பொருத்த நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2021-இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தப்படி 50 ஆண்டு கடந்த காரை ‘விண்டேஜ்’ என்று பதிய, சேஸிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய்.