நாற்றின் வயதும் கருவின் வயதும்: வலங்கைமான் வயல்களில் நிறைமாத உழைப்பு

பிரசவத்துக்கு எத்தனை வாரம் முன்பு வேலையை நிறுத்துவது? மாதச் சம்பளம் பெறும் பெண்ணுக்கு இதற்கு விடை சொல்ல மருத்துவர் இருக்கிறார். விடுப்பு விதியும் இருக்கிறது. தமிழ்நாடு அரசு ஊழியராக இருந்தால் 2021 முதல் ஊதியத்துடன் ஓராண்டு விடுப்பு. திருவாரூர் மாவட்டத்தின் வலங்கைமான் வட்டாரத்தில் நடவுக்குச் செல்லும் தலித் பெண்ணுக்கு விடை சொல்வது நாற்றங்கால். குறுவை நாற்றை ஏறத்தாழ மூன்று வாரத்திலும், சம்பா நாற்றை ஒரு மாதத்தை ஒட்டியும் பறித்து நட்டாக வேண்டும். முற்றிய நாற்று நன்றாகத் தூர் கட்டாது. எனவே அவள் எட்டாம் மாதத்தில் இருக்கிறாளா, ஒன்பதாம் மாதத்தில் இருக்கிறாளா என்பது கணக்கில் வருவதில்லை.

தொகுதி மறுவரையறையில் மறையும் வரை வலங்கைமான் ஒரு தனித்தொகுதியாக இருந்தது. இங்குள்ள தலித் மக்களின் எண்ணிக்கைக்கு அதுவே சான்று. நிலமற்ற இக்குடும்பங்களின் பெண்களுக்கு முன்பு நடவு, களை, அறுவடை என மூன்று பருவங்களில் கூலி கிடைத்தது. அறுவடையை இயந்திரம் எடுத்துக்கொண்டது. நேரடி விதைப்பும் நடவு இயந்திரமும் எஞ்சியதையும் சுருக்கி வருகின்றன. மேட்டூர் திறந்து குடமுருட்டியில் நீர் வந்த பின் கிடைக்கும் சில வார நடவு வேலையைத் தவறவிட்டால் அடுத்த கூலிக்கு நெடுநாள் காத்திருக்க வேண்டும்.

கூலி முறையும் இதில் பங்கு வகிக்கிறது. ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிக் குழுவாக இறங்கி நட்டு, கிடைப்பதைச் சமமாகப் பிரித்துக்கொள்வது இப்போது பரவலான வழக்கம். இம்முறையில் நிலவுடைமையாளர் எவரையும் விரட்ட வேண்டியதில்லை. நிறைமாதப் பெண் பின்தங்கினால் அந்தச் சுமை அவளுடைய நாத்தனார் மீதும் பக்கத்து வீட்டு அக்கா மீதும் விழுகிறது. ‘எனக்காக அவர்கள் நட வேண்டியிருக்கிறதே’ என்ற கூச்சத்தில் முதுகு வலியை வெளியே சொல்லாமல் நடுபவர்கள் உண்டு. ‘முடிந்த வரை செய்வாள்’ என்று ஊர் இதைப் பெருமையாகவும் சொல்கிறது. அந்தப் பெருமையை நாம் ஐயத்துடனேயே பார்க்கிறோம்.

கர்ப்பம் நோயன்று, வேலை செய்வதே தீங்கு என்று மருத்துவமும் கூறவில்லை. எந்த வேலை, எவ்வளவு நேரம், எந்த வெயிலில் என்பவையே கேள்விகள். நடவு என்பது இடுப்பை வளைத்தபடி சேற்றில் பின்னோக்கி நடந்து செய்யும் வேலை. ஏழாம் மாதத்துக்குப் பின் வயிற்றின் பாரம் முன்னே சாய்கிறது. மூட்டு இணைப்புகள் தளர்கின்றன. வழுக்கும் வரப்பில் விழும் வாய்ப்பு கூடுகிறது. வயல்வெளியில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார்கள், சிறுநீரை அடக்குகிறார்கள். கர்ப்ப காலத்தில் சிறுநீர்த் தொற்று குறைமாதப் பிரசவத்துக்கு வழிவகுக்கக்கூடியது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இரத்தசோகை உள்ளது. அந்த உடலோடுதான் அவர்கள் வெயிலில் நிற்கிறார்கள். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2024இல் வெளியிட்ட ஆய்வு, கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறத்தல் ஆகியவற்றின் அபாயம் ஏறத்தாழ இரு மடங்காக இருப்பதைக் காட்டியது.

இரத்தப்போக்கு, பனிக்குட நீர் கசிவு, குழந்தையின் அசைவு குறைதல், கடும் தலைவலி, கண் மங்குதல், முகமும் கைகளும் வீங்குதல், 37 வாரத்துக்கு முன்பே விட்டுவிட்டு வரும் வலி ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே வயலை விட்டு வெளியேறி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். 108 வரும் வரை வரப்பில் காத்திருக்காமல் சாலைக்கு வந்துவிடுவது நல்லது.

இந்த அறிகுறிகள் ஏதும் இல்லாதவர் எப்போது நிறுத்துவது? சட்டத்திடம் ஒரு விடை இருக்கிறது. ஆனால் அது வேறு பெண்களுக்கானது. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு பயன்கள் சட்டம் 2017 திருத்தத்துக்குப் பின் முதல் இரு பிரசவங்களுக்கு 26 வார ஊதிய விடுப்பு தந்தது. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன் எடுக்கலாம் என்றிருந்தது. அதிகம் பேசப்படாத நான்காம் பிரிவு இன்னும் முக்கியமானது. பிரசவத்துக்கு முந்தைய ஆறு வாரங்களுக்கும் முன்னதாக வரும் ஒரு மாத காலத்தில், பெண் கேட்டுக்கொண்டால், கடுமையான வேலையையோ நெடுநேரம் நிற்கும் வேலையையோ அவளுக்குத் தரக்கூடாது என்றது அது. கணக்கிட்டால் ஏறத்தாழ 30ஆம் வாரம். ஆலை, சுரங்கம், தோட்டம், பத்துப் பேருக்குக் குறையாத கடைகள் என்று சென்ற இச்சட்டம் நெல்வயலுக்குள் இறங்கவில்லை. இவ்விதிகளை உள்ளடக்கிய 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் இறங்கவில்லை. பலர் எட்டாம் மாதத்திலும் நடவுக்குப் போகிறார்கள். சமுதாய வளைகாப்பில் அடுக்கிய வளையல்களோடு மறுவாரம் நாற்றுமுடி பிரிக்கும் கைகளுக்கு அந்த 30ஆம் வாரம் எந்த முதலாளியிடமும் கேட்க முடியாத தேதி. ஆயினும் அளவுகோலாக அதையே பரிந்துரைக்கிறோம்: 30ஆம் வாரத்தோடு நடவையும் சுமை தூக்குவதையும் நிறுத்துவது.

1928 ஜூலையில் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு மசோதாவை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய் ஓய்வு பெறுவது நாட்டின் நலன் சார்ந்தது என்றும், அச்செலவில் பெரும்பங்கை அரசு ஏற்க வேண்டும் என்றும் வாதிட்டார். முதலாளி இன்னார் என்று சுட்ட முடியாத வயல் கூலிக்கு அந்த இரண்டாவது வாதமே பொருந்துகிறது. டெல்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண்களுக்கும் மகப்பேறு பயன் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு மார்ச்சில் தீர்ப்பளித்தது. ஆனால் அங்கே பொறுப்பேற்க ஒரு மாநகராட்சி இருந்தது.

அரசு ஏற்கும் பங்கு இங்கே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டமாக வருகிறது. 1987இல் 300 ரூபாயில் தொடங்கிய அது இன்று 18,000 ரூபாய்: 14,000 பணமாக, 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகங்களாக. 19 வயது நிரம்பியிருக்க வேண்டும். முதல் இரு பிரசவங்களுக்கு மட்டுமே. கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் 12 வாரத்துக்குள் பதிவு செய்து பதிவெண் பெறுவது முதற்படி. இப்போதைய தவணை முறையில் நான்காம் மாதம் 6,000. அடுத்த 6,000 குழந்தைக்கு நான்கு மாதமானதும். எஞ்சிய 2,000 குழந்தையின் ஒன்பதாம் மாதத்தில். பெண் வயலை விட்டு வெளியே இருக்க வேண்டிய கடைசி மூன்று மாதங்களில் ஒரு ரூபாயும் இல்லை. நான்காம் மாதப் பணம் ஸ்கேனுக்கும் பழைய கடனுக்கும் போய்விடுகிறது.

நூறு நாள் வேலைக்கான 2013 வழிகாட்டு நெறிமுறைகள் கர்ப்பிணிகளைத் தனிப் பிரிவாகக் கருதி, வீட்டுக்கு அருகில் உழைப்பு குறைந்த வேலை தரச் சொல்லின. வாய்மொழியாகக் கேட்பதைவிட எழுத்தில் மனுக் கொடுத்து ரசீது பெறுவது மேல். நடவுக் குழுக்களும், 30ஆம் வாரத்தைத் தாண்டிய பெண்ணுக்கு ஒரு பங்கை ஒதுக்குவது பற்றிக் கூலி பேசும்போதே முடிவு செய்யலாம். பத்துப் பேர் பகிரும்போது ஒருவர் இழப்பு சிறிது. அதற்காக அரசின் பொறுப்பைக் குழுவின் தலையில் ஏற்றிவிட முடியாது. ஆகஸ்ட் 15 கிராம சபை குறுவைக்கும் சம்பாவுக்கும் இடையே கூடுகிறது. 30ஆம் வாரத்தில், பிந்தைய தவணைகளைக் குறைக்காமல், பத்து வாரக் கூலிக்கு ஈடான ஒரு தவணை வேண்டும் என்ற தீர்மானத்தை அங்கே முன்வைக்கலாம்.