மடிக்கணினி தூங்கப் பழகிய கதை

முதுகலைப் பொறியியல் படித்தபோது ஒருநாள் மடிக்கணினியை மூடிவிட்டு ரயில் ஏறினேன். திறந்தால் கறுப்புத் திரை. சேமிக்காத ஆய்வறிக்கைப் பக்கங்கள் போயே போய்விட்டன. ஏன் என்று தேடியபோதுதான் இந்த வரலாறு தெரிந்தது.

1992இல் இன்டெலும் மைக்ரோசாஃப்ட்டும் ஏபிஎம் முறையைக் கொண்டுவந்தன. அதில் கணினியைத் தூங்கவைத்தது பெரும்பாலும் பயாஸ்தான். எந்த மென்பொருள் எந்தக் கருவியைப் பயன்படுத்துகிறது என்பது அதற்குத் தெரியாது. 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் ஏசிபிஐயை வெளியிட்டன. பொறுப்பு இயங்குதளத்தின் கைக்கு வந்தது.

டிரைவர்களுக்கும் வேலை கூடியது. தூக்கத்தில் நினைவகத்துக்கு மின்சாரம் இருக்கும். பல கருவிகளோ எல்லாவற்றையும் மறந்துவிடும். ஆகவே டிரைவர் தன் கருவியின் நிலையை முன்பே குறித்துவைத்து, விழித்ததும் மீட்டுத்தர வேண்டும். லினக்ஸில் வரிசையும் உண்டு: முதலில் யுஎஸ்பி விசைப்பலகை தூங்கும், பிறகே அது இணைந்திருக்கும் யுஎஸ்பி கன்ட்ரோலர். விழிக்கும்போது தலைகீழ். ஒரு டிரைவர் சொதப்பினாலே முழுக் கணினியும் உறைந்துபோகலாம். என்னுடையதில் சொதப்பியது வைஃபை டிரைவர்.

இன்று மூடியைத் திறந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறீர்களா? அத்தனை டிரைவர்களும் சொன்ன சொல் தவறவில்லை என்று பொருள். இருந்தாலும் தம்பி தங்கைகளே, மூடும்முன் ஒருமுறை சேமித்துவிடுங்கள்.