எட்ட நின்று காணும் கண்

தஞ்சையின் வரலாற்றை எழுதப் புகுவோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் ஓலைச்சுவடியையும் சான்றாகக் கொள்வது வழக்கம். நிழற்படமும் அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்க சான்றே ஆகும். 1858ஆம் ஆண்டில் சென்னை மாகாண அரசின் நிழற்படக் கலைஞராய் இருந்த காப்டன் லின்னேயஸ் டிரைப் தஞ்சைப் பெரிய கோயிலைப் படமெடுத்தார். விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டு வரிகளை 21 படங்களாக எடுத்து, அவற்றை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். அக்காலத்துக் காகித எதிர்ப்படம் பதிவதற்கு நெடுநேர ஒளி வேண்டியிருந்தது. கல் அசையாமல் நின்றது, படம் வாய்த்தது. அவ்வேளையில் விமானத்தைக் கடந்து ஒரு கிளி பறந்திருப்பினும் அது அப்படத்தில் பதிய வழியில்லை.

உயிருள்ளவற்றைப் படத்தில் பிடிக்க இரண்டு தேவைப்பட்டன. ஒன்று, நொடியின் சிறு பகுதியிலேயே ஒளியை ஏற்கும் படத்தகடு. மற்றொன்று, எட்ட இருப்பதைக் கிட்டக் கொணரும் வில்லை. இந்த இரண்டாவது 1891ஆம் ஆண்டில் பிறந்தது. இங்கிலாந்தில் டால்மேயர், செருமனியில் மீத்தே, ஸ்டைன்ஹைல் ஆகியோர் ஒருவரையொருவர் சாராமல் ஏறத்தாழ ஒரே காலத்தில் டெலிபோட்டோ லென்சை உருவாக்கினர். முன்னே ஒளியைக் குவிக்கும் வில்லைத் தொகுதி, பின்னே ஒளியை விரிக்கும் வில்லைத் தொகுதி என்பதே அதன் அமைப்பு. இதனால் குவியத் தொலைவு நீண்டிருந்தும் குழாயின் நீளம் குறைந்தது. தோளில் சுமந்து வயல்வரப்பில் நடக்க இயன்றது. 35 மில்லிமீட்டர் படச்சுருளில் 50 மில்லிமீட்டர் லென்சு காட்டும் பறவையை, அதே இடத்தில் நின்று 400 மில்லிமீட்டர் லென்சு எட்டு மடங்கு பெரிதாய்க் காட்டும்.

எட்டு மடங்கு பெரிதாவது பறவை மட்டுமன்று. கைநடுக்கமும் எட்டு மடங்காகிறது. கூர்மையாய்த் தெரியும் ஆழமோ மிகவும் சுருங்கிவிடுகிறது. நாரையின் கண்ணுக்கு ஒழுங்கு செய்தால் அலகின் நுனி மங்கிப்போகும். ஆகவே இக்கருவி கையில் ஏந்தியவனுக்கு முதலிற் கற்பித்தது அசையாதிருத்தலையே எனலாம்.

இவ்விடத்தில் சத்திமுத்தப் புலவரை நினைவுகூர்தல் பொருந்தும். கும்பகோணத்தை அடுத்த சத்திமுத்தத்தில் வாழ்ந்த அவ்வறிஞர், செங்கால் நாரையின் அலகைப் பிளந்த பனங்கிழங்கோடு ஒப்பிட்டார். நிறத்தையும் வடிவையும் ஒருங்கே பிடித்த அவ்வுவமையை, ஏதோ ஒரு நீர்க்கரையில் நெடுநேரம் நின்று கண்ட கண்ணன்றி வேறெது தந்திருக்கும்? வில்லையின்றியே அப்புலவர் பறவைக்கு அணுக்கமாய் இருந்தார். மருத நிலத்துப் பறவை உழவனுக்கு அஞ்சாது. ஏர்ச்சாலின் பின்னே கொக்கு நடப்பதை இன்றும் காண்கிறோம். துப்பாக்கி பரவிய நாட்டிலோ விலங்கும் பறவையும் மனிதனைக் கண்டு அகலும் தொலைவு மிகுந்தது. அத்தொலைவைக் கடக்கவே டெலிபோட்டோ லென்சு வேண்டியதாயிற்று.

காட்டுயிர்ப் படக்கலை வேட்டையின் நிழலிலேயே தொடங்கியது. சிவாலிக் காடுகளில் வன அலுவலராய் இருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன், விலங்கின் கால் பட்டதும் தானே ஒளி வீசிப் படமெடுக்கும் பொறியை அமைத்து இரவில் புலிகளைப் படமெடுத்தார். அவருடைய நூல் 1927இல் வெளிவந்தது. சுடாமலே வேட்டையாட இயலும் என்பதை அது மெய்ப்பித்தது.

தமிழ்நாட்டில் இக்கலைக்கு இலக்கியத் தகுதி தந்தவர் மா. கிருஷ்ணன் (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனாகிய அவர், 1950 முதல் மறையும் வரை கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் இதழில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதினார், தமிழிலும் எழுதினார். ஒரு காமிராவின் உடலையும் வேறொன்றின் டெலிபோட்டோ லென்சையும் பிற உறுப்புகளையும் தாமே பொருத்திப் பெரியதொரு கருவியை உருவாக்கி, அதற்குச் ‘சூப்பர் பாண்டரோசா’ என்று வேடிக்கையாய்ப் பெயரிட்டார். கறுப்பு வெள்ளையே அவர் விரும்பிய ஊடகம். அவர் உரைநடையிலும் வேண்டாத நிறப்பூச்சைக் காண இயலாது.

மற்றொருவர் தம் பெயரிலேயே தஞ்சாவூரைச் சுமந்தவர். தஞ்சாவூர் நடேசாச்சாரி ஐயம்பெருமாள் என்பதன் சுருக்கமே உலகறிந்த டி. என். ஏ. பெருமாள் (1932–2017). பெங்களூரில் வாழ்ந்த அவர் இலண்டன் ராயல் போட்டோகிராபிக் சொசைட்டியின் பெலோ என்னும் சிறப்பைப் பெற்றார். காவிரிநாடு கல்லிலும் வெண்கலத்திலும் கலைஞர்களைத் தந்தது போல் ஒளியிலும் ஒருவரைத் தந்தது என்பது நம் பகுதியார் அறிய வேண்டிய செய்தி.

இக்கலையின் அருமையை உணர நம் கடற்கோடிக்கே செல்லலாம். 1991 வரை தஞ்சை மாவட்டத்தில் அடங்கியிருந்த கோடியக்கரையில் 1967ஆம் ஆண்டில் வெளிமான்களுக்காகச் சரணாலயம் அமைக்கப்பட்டது. சங்கப் புலவர் இரலை என்றழைத்த மான் இது. இது வாழும் புல்வெளியில் மறைந்து நிற்க இடமில்லை; பார்வையையும் ஓட்டத்தையும் நம்பி வாழும் விலங்கு என்பதால் மனித உருவைக் கண்டதும் அகன்றுவிடும். நண்பகலில் உப்பளச் சேற்றிலிருந்து கானல் எழும்போது நீண்ட லென்சு அக்கானலையும் பெருக்கிக் காட்டும். மானின் முறுக்குக் கொம்பு நீரில் நெளியும் கயிறாகிவிடும். காலையில் காற்று தெளிந்திருக்கும். ஆனால் ஒளி குறைவு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட சிறு பொழுதே படக்கலைஞனுக்கு உரியது. வலசை வரும் பூநாரைகளுக்கும் இஃதே பொருந்தும்.

வயல்நடுவே அமைந்த வடுவூர் ஏரி 1999இல் பறவைச் சரணாலயமாகி, 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. மேட்டூரிலிருந்து வரும் காவிரி நீரும் வடகிழக்குப் பருவமழையும் நிரப்பும் பாசன ஏரி அது. உழவனுக்கு நீர் தேக்கிய இடமே பறவைக்கும் இடமாயிற்று. அந்நீர் வரத்துப் பொய்த்தால் படமெடுக்கப் பறவை இராது.

இன்று படச்சுருள் அரிதாகி, எண்மக் காமிராவும் நீண்ட லென்சும் பலர் கைக்கு வந்துவிட்டன. கருவி எட்ட நிற்கவே பிறந்தது. கையாள்வோரிற் சிலரோ இன்னும் கிட்டச் செல்லும் ஆசையால் கூடுகளை நெருங்குகின்றனர். அஞ்சிய தாய்ப்பறவை எழுந்து பறந்தால் முட்டையும் குஞ்சும் வெயிலில் வாடும், காகம் கவரும். அவ்வாறு கிடைத்த படத்தின் அழகில் ஓர் உயிரின் இழப்பும் பதிந்திருக்கிறது. பார்ப்பவர் அதை அறியார்.

கவிதை எழுதுவோர் நிறைந்த நம் வட்டத்திற்கு இது அயலான சிக்கலன்று. ஒரு பொருளை அதன் இயல்பு கெடாமல் எவ்வளவு அணுகலாம் என்னும் வினாவை நாமும் ஒவ்வொரு வரியிலும் எதிர்கொள்கிறோம். சத்திமுத்தப் புலவர் தம் வறுமையைச் சொல்ல நாரையைத் துணைக்கழைத்தார். அப்போதும் அலகை அலகாகவே கண்டார். கிருஷ்ணனும் பெருமாளும் கனத்த கருவியோடு காத்திருந்து கண்டார்கள். அவர்கள் படமெடுத்து அகன்ற பின்னும் விலங்கு தன் மேய்ச்சலைத் தொடர்ந்தது என்றால், அதுவே அக்கலையின் நிறைவு.