ஹெலிகோபாக்டர் பைலோரியும் தமனி நோயும்

இரைப்பையின் சளிப்படலத்தில் வாழும் சுருள்வடிவ பாக்டீரியா ஹெலிகோபாக்டர் பைலோரி. 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் இதை வளர்த்துக் காட்டினர். 2005இல் நோபல் பரிசு பெற்றனர். இதய நோயாளிகளிடம் இத்தொற்று கூடுதலாக இருப்பதை லண்டன் ஆய்வாளர்கள் 1994இல் சுட்டினர்.

தொற்று ஆண்டுக்கணக்கில் நீடிக்கையில் அழற்சிப் புரதங்கள் இரத்தத்தில் கலந்து தமனியின் உட்சுவரைப் பாதிக்கலாம். அங்கே கொழுப்பு படியும். இரைப்பைச் சுவர் நலிந்தால் உணவிலுள்ள வைட்டமின் பி12 சரிவர உடலில் சேராது. அதனால் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் இரத்தத்தில் கூடுவதும் தமனிக்கு ஆகாது. காக்-ஏ புரதம் கொண்ட கிருமி வகைகளில் இத்தொடர்பு சற்று வலுவாகத் தெரிகிறது.

ஆனால் வறுமை இத்தொற்றுக்கும் இதய நோய்க்கும் பின்னால் நிற்கிறது. கிருமியே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. கிருமியை ஒழித்தால் மாரடைப்பு குறையும் என்பதும் நிறுவப்படவில்லை. ஆஸ்பிரின் உட்கொள்ளும் இதய நோயாளிக்கு இக்கிருமிக்கான பரிசோதனை வேறு வகையில் முக்கியம்: கிருமியை நீக்கினால் இரைப்பைப் புண்ணில் ரத்தம் கசியும் அபாயம் குறையும்.