கொடுத்தவர் யார்?

"வெள்ளைக்காரன் இரயிலைக் கொடுத்தான்" என்பர் சிலர். "சுரண்டவே தண்டவாளம் போட்டான்" என்பர் வேறு சிலர். 2015இல் ஆக்ஸ்ஃபோர்டில் சசி தரூர் ஆற்றிய உரைக்குப் பின் இவ்வழக்கு மீண்டும் சூடேறியது. 'கொடுத்தான்' என்னும் வினைக்கு எழுவாய் யார் என்பதை நாம் வடசென்னையில் தேடலாம்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் வண்டி 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்கு ஓடியது. பாதை அமைத்த மெட்ராஸ் ரயில்வே கம்பெனி இலண்டன் முதலீட்டாளர்களுடையது. இலாபம் வராவிட்டாலும் அவர்களுக்கு வட்டி உறுதி. குறைந்த தொகையை ஈடுகட்டியது இந்திய வருவாய். அதில் பெரும்பங்கு நம் உழவர் கட்டிய நிலவரி. தாதாபாய் நௌரோஜியும் ரொமேஷ் சந்திர தத்தும் அக்காலத்திலேயே இந்தச் சுமையைச் சுட்டிக்காட்டினர்.

எண்ணூரைக் கடந்து செல்லும் பக்கிங்காம் கால்வாயும் அப்படியே. அதன் நகரப் பகுதியை, கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து, 1877–78இல் வெட்டியவர்கள் தாது வருடப் பஞ்சத்தில் நிவாரண வேலைக்கு வந்தவர்கள். அப்பஞ்சத்தில் மாகாண நிவாரணக் கூலி ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவுமாகக் குறைக்கப்பட்டது. கால்வாய்க்கோ ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் சூட்டப்பட்டது; மண் சுமந்தோர் பெயர் எதுவும் அதில் இல்லை.

இரயிலும் கால்வாயும் பயன்பட்டதை நாம் மறுக்கவில்லை. வரி கட்டியவரையும் மண் வெட்டியவரையும் எழுவாயாக வைத்து அவ்வரலாற்றை நம் பாடநூல்கள் எழுத வேண்டும் என்கிறோம்.